சூப்பர்நோவா என்று நீங்கள்தான் சொன்னீர்கள்

மச்சான், நீங்கள் கடைசியாக அனுப்பிய சேலையை இன்று காலை பிரித்தேன். சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. துபாயில் நீங்கள் பெட்டி சுமந்த கிடங்கின் வாசனை. இயற்பியல் ஆராய்ச்சி செய்த மனிதர், சோப்புப் பெட்டி சுமந்தே தேய்ந்து போனீர்கள்.

அதையே கட்டிக்கொண்டு தொண்டியில் பஸ் ஏறினேன். ராமநாதபுரம் காலேஜில் உங்கள் பழைய பேராசிரியர் பேசுவதாகப் பேப்பரில் போட்டிருந்தது.

கல்யாணமான புதிதில் கடற்கரையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினீர்கள். வானத்தில் திடீர் திடீரென்று காமா கதிர்கள் வெடித்து, சில நொடிகளில் அடங்கிவிடுகின்றன; எங்கிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. "பக்கத்துல இருந்துதான் வருதுன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கென்னமோ ரொம்பத் தூரத்துல, பெரிய நட்சத்திரம் சாகுறப்ப வருதுன்னு தோணுது புள்ள. அப்படி நட்சத்திரம் வெடிச்சுச் சாகுறதத்தான் சூப்பர்நோவான்னு சொல்றாக. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு." பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற எனக்கே பாதிதான் புரிந்தது. உங்கள் முகத்திலிருந்த சந்தோஷம் முழுசாகப் புரிந்தது.

அதைத்தான் ஆய்வேட்டில் எழுதினீர்கள். அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னார் பேராசிரியர். நீங்கள் மறுத்தீர்கள். "கற்பனைக்கெல்லாம் பட்டம் தர முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினார். ஊருக்கு வந்து யாரோடும் பேசாமல் கிடந்தீர்கள். கடைசியில் உங்கள் வாப்பா விசாவுக்கு ஏற்பாடு செய்தார். போன வருடம் அந்தக் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இந்த வருடம், 1998-இல், காமா கதிர் வெடித்த அதே இடத்தில், சில நாள் கழித்து ஒரு சூப்பர்நோவாவின் ஒளியைப் பார்த்திருக்கிறார்கள். மேடையில் அந்தப் படத்தைக் காட்டிய உங்கள் பேராசிரியர், "இப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு அப்போதே தோன்றியது" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்து உங்கள் பெயரைச் சொன்னேன். "இதை எழுதுனதுக்குத்தானே சார் அவுகள வெளிய அனுப்புனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும்மா அது? எத்தனையோ பேர் எங்கிட்ட படிச்சாங்க. ஞாபகம் இல்லையே."

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

நீங்கள் இருந்திருந்தால், "விடு புள்ள, உண்மை தெரிஞ்சிருச்சுல்ல, அது போதும்" என்று சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு அது போதும் மச்சான். நீங்கள் அடங்கியிருக்கும் கபுறை அல்லாஹ் ஒளியாக்கி வைக்கட்டும். எனக்குப் போதவில்லை. நீங்கள் படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஆற வேண்டும் என்று அவனிடம் கையேந்தி துஆ கேட்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.