தடுப்பு நடவடிக்கை

தெமோதரை
10.11.2003

அன்பின் நிவேதிகா,

கொழும்புக்குப் போனதும் பதுளை விடுதித் தோழியை மறந்துவிட்டாய். கல்யாணப் படம் அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

என் வகுப்பில் தனுஜா என்று ஒரு பிள்ளை. பதினைந்து வயது. அப்பா இல்லை, அம்மா வேலாயி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கும் கடைவீதிப் புவனேந்திரன், பிள்ளையை அரபு வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்க்கிறான். "கேட்டா இருபத்திரெண்டுன்னு சொல்லணுமாம் டீச்சர்" என்று தனுஜா சிரிக்கிறாள். தாய்க்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகள் கடத்தப்படாமல் தடுப்பது அரசின் கடமை, உலக ஒப்பந்தத்தில் நம் நாடும் கையெழுத்திட்டிருக்கிறது என்று நீதானே கருத்தரங்குக்குப் போய்வந்து எழுதினாய்? வெளிநாட்டு வேலைகளைப் பார்ப்பது உன் அலுவலகம். எப்படியாவது நிறுத்து.

உன் மலர்


கொழும்பு
28.11.2003

என் அன்பு மலர்,

படம் இத்துடன் இருக்கிறது, கோபத்தை விடு.

"குற்றம் நடந்தால்தானே கை வைக்கலாம்?" என்றார் மேலதிகாரி. நான் விடவில்லை. வேலாயிக்குப் பதிவுத் தபாலில் எச்சரிக்கைக் கடிதம் போகிறது. பிள்ளையை அனுப்பாதே, பிறப்புச் சான்றிதழோடு பதுளைக் கச்சேரி அலுவலகத்துக்கு வா என்று அதில் இருக்கிறது. நானே தபாலில் சேர்த்தேன். இனி நிம்மதியாகத் தூங்கு.

நிவேதிகா


தெமோதரை
09.01.2004

நிவேதிகா,

சண்டை நின்று பாதை திறந்திருக்கிறதே என்று விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். திரும்பி வந்தால் தனுஜா இல்லை.

உங்கள் கடிதம் சிங்களத்தில் வந்திருக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் சிங்களம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அரச முத்திரையைக் கண்டு பயந்த வேலாயி, அதைப் புவனேந்திரனிடமே கொண்டுபோயிருக்கிறாள். பிள்ளையை அனுப்பச் சொல்லி அரசாங்கம் எழுதியிருக்கிறது என்று அவன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"கவர்மெண்டே எழுதிருச்சு டீச்சர், இனி என்னா பயம்?" என்றாள் வேலாயி. கடிதத்துக்குக் குங்குமம் வைத்து, சாமி படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பிள்ளையைத் தேடு.

மலர்


கொழும்பு
02.03.2004

மலர்,

எங்கள் பிரிவில் தமிழில் தட்டச்சு செய்ய ஆளில்லை. நான் என்ன செய்ய? கடிதம் கிடைத்ததாகத் தாய் கைநாட்டு வைத்திருப்பதால், அந்த உலக ஒப்பந்தத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் அதையும் ஒரு தடுப்பு நடவடிக்கையாகச் சேர்த்துவிட்டார்கள். தூதரகத்துக்கு எழுதியிருக்கிறேன். பிள்ளை வேலை செய்யும் வீட்டின் முகவரியைக் கேட்கிறார்கள். கோபிக்காதே.

நிவேதிகா


தெமோதரை
21.06.2004

மதிப்பிற்குரிய அம்மணி,

உங்கள் அலுவலகத்தின் இரண்டாவது கடிதமும் கிடைத்தது. இந்த முறை வேலாயி புவனேந்திரனிடம் போகவில்லை. கொழுந்துக் கூடையோடு நேரே என் வகுப்புக்கு வந்தாள். இதுவும் சிங்களம். எனக்குத் தெரிந்த அளவில் வாசித்தேன். இருபத்திரண்டு வயதுடைய தனுஜா, வேலை செய்த வீட்டில் இறந்துவிட்டார் என்று இருந்தது.

வேலாயி அழவில்லை. "இருபத்திரெண்டா? அப்ப அது வேற யாரோ டீச்சர். எம்புள்ளைக்குப் பதினஞ்சுதானே? நல்லாப் பாத்து வாசிங்க" என்றாள். மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதையே சொன்னாள்.

குற்றம் நடந்தால்தான் கை வைக்கலாம் என்றார் உங்கள் மேலதிகாரி. நடந்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இறந்த பிள்ளைக்குப் பதினைந்து வயது என்று உங்கள் அலுவலகம் ஒரு கடிதம் எழுத வேண்டும். தமிழில் எழுதுங்கள். அது வரும்வரை சவப்பெட்டியை வாங்கக் கொழும்புக்கு வரமாட்டேன் என்கிறாள் வேலாயி.

இப்படிக்கு,
சி. யோகமலர்
ஆசிரியை