நீ கேட்ட படகைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீ மனசளவிலும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறி வந்து என்னைத் திட்டும் அளவுக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வழக்கம்போலத்தான், எனக்குப் பின்னால் சேர்ந்தவர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே நேரம் தவறாமையைப் பற்றிச் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நம் படகை ஓட்டப்போவதாகவும், ஏரியில் மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர்களை ஏற்றிப் போய்ப் பிழைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்தப் படகு இப்போது இல்லை. இருக்கிறது, ஆனால் பின்பக்கம் இல்லை. எஞ்சின் மாட்டும் பின்பலகையை நான்தான் அறுத்துவிட்டேன். வேறு யாராவது உனக்கு ஃபோனில் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

சொத்துப் பிரித்தபோது படகைப் பிரிக்க முடியாததால் ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உன் சித்தப்பாவுக்கு என்று முறை வைத்தது உனக்குத் தெரியும். வீட்டில் ஏரியைப் பார்த்த பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை, அதை இப்போது கிளற வேண்டாம், ஆனால் மறக்கவும் இல்லை. ஃபைபர் படகு என்றால் மரமே கிடையாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட்தான், ஃபைபர் அதற்குச் சட்டை. சட்டையில் ஒரு பொத்தல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர அதற்கு வழி தெரியாது. கரையேற்றியதும் பின்னால் அடியில் இருக்கும் பித்தளைத் திருகுமூடியைக் கழற்ற வேண்டும், படகின் மூக்கைக் கட்டை வைத்துத் தூக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஓடி வடிந்துவிடும். இவ்வளவுதான் வித்தை. உன் சித்தப்பா மூடியைக் கழற்ற மாட்டான். கழற்றினால் ஓட்டை வழியாகத் தவளை ஏறிவிடுமாம். தவளைக்குப் பயந்து குளத்தையே உள்ளே வைத்துக்கொண்ட ஆள் அவன் ஒருவன்தான். என் முறை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். போதாததற்கு ஒரு சின்ன ஏணியைப் பின்பலகையில் திருகிப் பார்த்து, பிடிக்கவில்லை என்று கழற்றி, திருகாணி ஓட்டைகளில் மெழுகை அப்பி வைத்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாள் உன் அம்மா. பேச்சு நின்றவனிடம் எப்படிச் சொல்வது? மூடியைக் கழற்றி நூலில் கட்டி அவன் வீட்டு கேட்டில் தொங்கவிட்டேன். புத்தியுள்ளவனுக்குப் புரிந்திருக்கும். அவன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறை ஸ்பானர் வைத்து இறுக்கிவிட்டுப் போனான், எனக்கே கழற்ற வரவில்லை.

இந்த மாதம் எஞ்சினை மாட்டப்போனபோது போல்ட்டின் வாஷர் பலகைக்குள் புதைந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன், வலது பக்கம் கணீர் என்றது, இடது பக்கம் அழுகிய பூசணிக்காயைத் தட்டியதுபோல. உள்பக்கம் கீழே சிறிதாக ஒரு துளை போட்டேன், கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது, நிற்கவே இல்லை, துளைத்த தூளும் சேறு மாதிரி விரலில் ஒட்டியது. என் முறையை அதோடு விட்டேன், படகைத் தண்ணீரில் இறக்கவில்லை. மெக்கானிக், துருப்பிடிச்சான் என்று நீ பெயர் வைத்தாயே, அவன் உன் சித்தப்பாவின் சினேகிதன், அதெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னும் ஒரு சுத்து முறுக்கினா கல்லு மாதிரி நிக்கும் என்று சொல்லிவிட்டான். இற்றுப்போன மரத்தில் போல்ட்டை முறுக்குவது பல் ஆடுகிறவனுக்குக் கரும்பு கொடுப்பதுபோல. வந்த ஞாயிறு உன் சித்தப்பாவின் முறை. உன் சித்தியையும் அவர்கள் மகள் சின்னவளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை வரை போவதாகத் திட்டம். நடு ஏரியில் வேகம் கொடுக்கும்போது பலகை பிய்ந்தால் எஞ்சின் தனியே போகும், அது போன வழியில் ஏரி உள்ளே வரும்.

அம்மா போய்ச் சித்தியிடம் சொன்னாள். சித்தி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, தப்பா நினைக்காதீங்க அக்கா, என் முறை வந்தா மட்டும் அண்ணனுக்குப் பலகை இத்துப்போயிடுமான்னு கேக்கிறார் என்றாளாம். போன வருடம் அவன் முறையில் எண்ணெய் ஒழுகுகிறது என்று சொல்லியனுப்பினேன், ஒழுகத்தான் செய்தது, அதற்கும் இதே பேச்சு. உன்னை விட்டு அவனிடம் சொல்லச் சொல்லலாம் என்றாள் அம்மா. நீ அவனோடு மாதாமாதம் பேசுவது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் குப்பையைப் பிள்ளை தலையில் கொட்டாதே என்று மறுத்துவிட்டேன். சனிக்கிழமை நானே போனேன். அவன் வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, டேய், பலகை இத்துப்போச்சுடா, பொண்ணை ஏத்தாதடா என்றேன். இத்தனை வருடம் கழித்து அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவன் திரும்பவே இல்லை. பாப்பா, யாரோ வழிப்போக்கர் நிக்கிறார், என்ன வேணும்னு கேளு என்று சின்னவளைக் கூப்பிட்டான். அவளும் ஓடி வந்து, பெரியப்பா, என்ன வேணும் என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, ரம்பத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

வலது பக்கம் அறுபடவே நேரமானது. நல்ல மரம், காய்ந்த மரம், அதைப் பார்த்ததும் கை ஒரு நிமிடம் நின்றது. இடது பக்கம் போனதும் ரம்பமே தேவைப்படவில்லை, ஊறிய ரொட்டி மாதிரிக் கையோடு வந்தது. அதற்குள் ஆள் கூடிவிட்டது. உன் சித்தப்பா ஓடி வந்தான். அந்தக் கூழை அள்ளி அவன் கையில் வைத்தேன். பார்த்தான், பிசைந்தும் பார்த்தான். பிறகு எல்லார் முன்னாலும், இது உங்க முறையில ஊறினது என்றான். துருப்பிடிச்சான் வலது பக்கத்துத் துண்டைத் தூக்கிக் காட்டி, பாருங்கப்பா, தேக்கு மாதிரி இருக்கு, இதைப் போய் அறுத்திருக்காரே மனுஷன் என்றான். வயிற்றெரிச்சல் என்றார்கள், சிலர் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றார்கள், திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் அவர் காதுக்கும் போயிருப்பது தெரிந்தது. அந்த ஞாயிறு முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் படகுல போகணும் என்று அழுதுகொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

சரிசெய்ய முடியாதா என்று கேட்பாய். முடியும். ஊறினதையெல்லாம் சுரண்டி, காயவிட்டு, புதுப் பலகை ஒட்டி, எந்த ஓட்டை போட்டாலும் அதன் உள்விளிம்பையும் பூசி அடைத்தால் இருபது வருடம் நிற்கும். ஆனால் என் பங்குக்குப் பாதிப் பலகையை மட்டும் மாற்ற முடியாது, அவன் சம்மதிக்க மாட்டான், நானும் இனிக் கேட்கப்போவதில்லை. எஞ்சினை அவன் தன் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டான், பெட்ரோல் டாங்க் நம் மாடியில் இருக்கிறது. படகு கரையில் பின்னால் திறந்து கிடக்கிறது, இப்போதுதான் அதில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நிற்பதில்லை. ஆகவே வேலையை விடாதே. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றால் போய்த் திரும்ப வாங்கிக்கொள், கௌரவம் பார்க்காதே, கௌரவம் பார்த்தவர்கள் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்தாயல்லவா. நீ வருவதாக எழுதியதுமே அம்மா உன் அறையைத் துடைத்துத் தலையணை உறையெல்லாம் மாற்றிவிட்டாள். விடுமுறைக்கு வா. பிழைக்க வராதே, இங்கே பிழைப்பதற்கு ஒன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று மனம் விட்டுவிடாதே. எங்கள் ஆயுளில் ஏதாவது நல்லது மிச்சமிருந்தால் அது உனக்குச் சேரட்டும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் செய். சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிடாதே. அடுத்த முறை பேசும்போது சின்னவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல், ஏரிக்கரையில் வளரும் பிள்ளைக்கு இன்னும் நீச்சல் தெரியாது. நீயாகச் சொல்வதுபோலச் சொல். நான் சொன்னேன் என்று தெரிந்தால் கற்றுக்கொடுக்க மாட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா