தமிழில் மட்டும் ஒரு வரி

சந்திக் கிணற்றுப் பலகைக்கு இன்று புதுப் பெயின்ற் அடிக்கிறார்கள். சைக்கிளில் போன என் மூக்குக்குள் அந்த வாசம் ஏறியதும் பிரேக் பிடித்தேன். பிடிபட்டால்தானே! வேலியில் போய் முட்டித்தான் நின்றேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

மிசன் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம். ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். வாத்தியாருக்கு அன்றுதான் நிம்மதி. நீ படித்து, ரயில் ஸ்டேசன்களுக்கு மூன்று மொழியிலும் பலகை எழுதுகிறவன் ஆனாய். தனியே நின்றால் என்னை "டேய்" என்பாய். றோட்டில் ஆள் வந்தால், உன் ஆட்கள் எங்கள் சாதிக்காரரைக் கூப்பிடுகிற "நயினார்". கண்ணைச் சிமிட்டிக்கொண்டே மாற்றுவாய். எனக்குச் சிரிப்பு வரும். உனக்கும் வந்ததா என்று தெரியாது.

அரசாங்கம் கட்டின பொதுக்கிணறு அது. திறந்துவைக்க வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று, ஊர்த் தலைமைக்காரரான விதானையார் உன்னைப் பலகை எழுதக் கூப்பிட்டார். பக்கத்தில் நானும் நின்றேன்.

"இங்கிலீசிலையும் சிங்களத்திலையும் 'பொதுக்கிணறு' எண்டு மட்டும் போடு. தமிழிலை கீழை இன்னொரு வரி: எளிய சாதியார் தொடக்கூடாது. துரைக்கும் பேக்கரியிலை பாண் போடுற சிங்களவனுக்கும் எங்கடை வீட்டு விசயம் என்னத்துக்கு?"

"ஓம், நயினார்" என்றாய்.

கிணற்றடியில் உன் ஆட்கள் குடத்தை எட்ட வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். அதற்கான பலகையையும் நீயேதான் எழுத வேண்டியிருந்தது.

எழுதி முடித்தபோது மூன்று மொழியும் ஒரே நீளம். விதானையார் தள்ளி நின்று பார்த்தார். "இங்கிலீசு நீளமாய்க் கிடந்தால்தான் மதிப்பு" என்றார். அவருடைய இங்கிலீசும் என்னுடைய அளவுதான்.

அவர் போனதும் கேட்டேன்: "என்னடா எழுதினனீ?"

"அவர் சொன்னதுதான், மூண்டிலையும். துரை வாசிச்சால் அந்த வரியை அழிப்பிப்பார். இருந்து பாரடா."

துரை வந்தார், வாசித்தார். எழுத்து வடிவாயிருக்கிறது என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அதைத் தமிழில் சொன்ன துவிபாசி, இங்கிலீசில் இருந்ததையும் விதானையாரின் காதில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் உன் கொட்டில் வீடு எரிந்தது. நீ உள்ளே படுத்திருந்தாய். கதவை யாரோ வெளியால் கட்டியிருந்தார்கள். யார் என்று ஊருக்குத் தெரியும், ஊர் வாய் திறக்கவில்லை. கிணறு கூப்பிடு தூரம். நான் ஓடி வந்தபோது உன் அம்மா கிணற்றடியில், குடத்தை எட்ட வைத்துவிட்டு நின்றாள்.

"அள்ளணை, ஆச்சி! அள்ளு!" என்று கத்தினேன்.

"கெதியா ஊத்துங்கோ, நயினார்... பிள்ளை உள்ளுக்கை, நயினார்..."

கை கிணற்றை நோக்கிப் போகவேயில்லை அவளுக்கு. நான் அள்ளி ஊற்றினேன். என் அவசரத்தில் பாதி நிலத்தில் போனது. நாங்கள் போய்ச் சேர முன்னமே கூரை விழுந்துவிட்டது.

பிறகு மாட்டின பலகையில் இங்கிலீசு ஒரு வரி, சிங்களம் ஒரு வரி, தமிழ் இரண்டு வரி. இன்று அதையே திரும்ப எழுதுகிறவன் வெளியூர்க்காரன்.

உன் பலகையைக் கழற்ற முன்னம், அந்த இரண்டாவது இங்கிலீசு வரியை ஒவ்வொரு எழுத்தாய்ப் பாடமாக்கினேன். "ஐயா, உங்களுக்கும் இங்கிலீசு தெரியுமோ?" என்று என் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். ஒரு வசனம் தெரியும் என்கிறேன்.

"சொல்லுங்கோவன்!"

சொன்னால், தமிழில் என்னவென்று கேட்பார்கள்.