அழித்துத் திருத்திய வாய்

அன்புள்ள மகளுக்கு,

எனக்கு வலது பக்கம் நலம். இடது பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் என் பேச்சு குழறுகிறது. குடித்திருக்கிறேன் என்று மாப்பிள்ளை நினைத்துவிடுவார். உன் அம்மா போனை எடுத்தால் அழுகைதான் வரும், செய்தி வராது. தாள் நகராமல் அவள்தான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவளைப் பற்றி இதில் நல்லதாகத்தான் எழுத முடியும்.

முதலில், நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்த உன் குரல் செய்திக்குப் பதில். மாப்பிள்ளையின் ஆபீசில் யாரோ இணையத்தில் என்னை வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, பனியனோடு உட்கார்ந்திருப்பது உங்க மாமனாரா என்று கேட்டாராம். மாப்பிள்ளைக்கு மானம் போய்விட்டதாம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை என்று கேட்டிருந்தாய்.

வேலை இதுதான். நாம் முகம் பார்த்துப் பேசுவதற்காக நீ அனுப்பிய லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவைத்து, அதன் முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். உருவப்படம் வரையும் குழுவில் இருபது பேர் அவரவர் வீட்டிலிருந்து என்னைப் பார்த்து வரைவார்கள். ஆயுள் முழுக்க நூலகக் கவுன்ட்டருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, எதிரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர. என் காதைப் பற்றி மட்டும் ஒருநாள் கால் மணி நேரம் பேசினார்கள். நீ கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவாய், சமையல்ல இருக்கேன்ப்பா, வண்டியில இருக்கேன்ப்பா என்று. குறையாகச் சொல்லவில்லை. உன் குரல் நன்றாகத்தான் கேட்கிறது.

போன வாரம் பாதி போஸில் இடது கை மரத்துப்போனது. இந்தத் தொழிலில் அது சகஜம் என்பதால் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி, சார், எனக்கு மட்டும் வாய் கோணலா வருது என்றாள். சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், ஆரம்பத்துல அப்படித்தாம்மா வரும், அழிச்சிட்டு நேரா போடு என்றார். அழித்தாள். உடனே இன்னொருவர், எனக்கும்தான் சார் என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஆளாளுக்கு ரப்பரை எடுத்தார்கள். தப்பு தன் கையில்தான் இருக்கும் என்று நினைக்கிற அடக்கமானவர்களை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது?

கடைசியில் மாஸ்டர், இன்னிக்கு மாதிரி ஐயா என்னிக்குமே அசையாம இருந்ததில்ல என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், எச்சில்தான் வந்தது. அதற்குள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

காபியோடு வந்த உன் அம்மா வாசற்படியிலிருந்தே, ஐயோ, என்னங்க மூஞ்சி இப்படிப் போயிடுச்சு என்று அலறினாள். அவளுக்கு வரையத் தெரியாது.

ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம், பக்கத்துல பார்த்துக்க ஆள் இல்லையா என்றார் டாக்டர். இருபது பேர் உத்துப் பார்த்துட்டுதான் இருந்தாங்க என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை.

மாஸ்டர் படங்களை அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றிலும் வாய் நேர்க்கோடு. உனக்கு ஒன்றை அனுப்பலாம், பிள்ளை பயப்படாது என்றாள் அம்மா. நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

மானத்துக்கு இனி ஆபத்தில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல். அசையாமல் இருக்கும் வேலையை இப்போது என் இடது கை தனியாகவே பார்த்துக்கொள்கிறது.

ஞாயிறு காலை எனக்கு ஓய்வுதான். லேப்டாப் அதே இடத்தில் இருக்கும். ஒரே ஒரு தடவை கேமராவைப் போடும்மா. வாய் கோணலாகத் தெரியும். நெட் சரியில்லை என்று நினைத்து அணைத்துவிடாதே. உனக்குத் தெரிவது சரிதான்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா