மடித்துக் காட்டிய போட்டோ

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இன்று காலை டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நர்ஸ், உன் அத்தான், நான். வேறு யாரும் இல்லை. ஆனாலும் நீயும் அங்கே இருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆண்டவன் அருளால் வலது மார்பை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. மருந்தில் ஊதிய உடம்பு இளைத்ததில் இரண்டு மேல்கைகளிலும் தோல்தான் தொங்குகிறது. கூட்டுப் பிரார்த்தனையில் எல்லாரும் கையை உயர்த்தும்போது நான் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

போன மாதம் நீ வந்தபோது, தொங்கிய தோலை ஆபரேஷனில் வெட்டி இறுக்கித் தைத்த புதுக் கையோடு, கையில்லாத ரவிக்கையில் மாடியில் துணி காயப்போட்டாய். உன் அத்தான், "உன் தங்கச்சி கையப் பாரு, காலேஜ் பொண்ணு மாதிரி!" என்றார். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாலைத் தீயவிட்டேன். அப்புறம் உன் தழும்பைத் தேடிப் பார்த்தேன். அக்குளிலிருந்து முழங்கை வரை நூலிழை மாதிரி இருந்தது. கொஞ்சம் தடித்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வரவு செலவு எழுதிப் பழகியவள் அல்லவா, சாமி உனக்குக் கொடுத்ததையும் என்னிடம் எடுத்ததையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நேராகவில்லை. அவரிடமே கோபித்துக்கொண்டேன்.

அதனால்தான் அதே ஆபரேஷனைக் கேட்டுப் போனேன். தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொண்டுபோகிற மாதிரி உன் போட்டோவைக் கொண்டுபோனேன். முகம் தெரியாமல் மடித்துக் கையை மட்டும் காட்டினேன். டாக்டரம்மா, "யாரு கைம்மா இது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அத்தான், "கொழுந்தியா கைங்க" என்கிறார்! முகமே இல்லாத கை! நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரும் வழியெல்லாம், "நான் எடுத்த போட்டோதானேடி, எனக்குத் தெரியாதா?" என்று சத்தியம் செய்தார். நம்பிவிட்டேன் என்று எழுதினால் பொய்.

இடது கையில் செய்யலாமாம். வலது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால், அந்தக் கையில் கத்தி வைத்தால் நீர் கோத்து வீங்கி, வீக்கம் வடியாமலே போகலாமாம். இந்தக் கடிதம் எழுதுகிற கை அது. உன் அத்தான், "எனக்கு நீ இப்படியே போதும்" என்கிறார். உன் கையைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆசை விடவில்லை.

ஆனால் டாக்டரம்மா போட்டோவை வாங்கி மடிப்பைப் பிரித்தார். "அப்படியே உங்க ஜாடை" என்றார். பாவி மனசு குளிர்ந்துபோனது. அடுத்த மூச்சில், "உங்க அம்மாவுக்கும் மார்புலதான் கேன்சர் வந்துச்சுன்னு சொன்னீங்களே, இவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். உன் கையை அத்தனை நேரம் பார்த்தவளுக்கு அதை உன்னிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

மாலைப் பிரார்த்தனையில் இரண்டு கையையும் தூக்கினேன். தொங்கியது தொங்கட்டும். பொறாமை போய்விடவில்லை, அது ஒரு ஓரமாக இருக்கட்டும். உன் உடம்பில் எதுவும் குறையாமல் ஆண்டவன் காக்க வேண்டும்.

என் ஆபரேஷனைப் பற்றி நீ மெதுவாக யோசித்துச் சொல். நீ டெஸ்ட் செய்துகொண்டாயா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுது.

உன் அக்கா