நீங்கள் கேட்ட ஆனைப்புளி மாவு

மங்கோச்சி,
வியாழக்கிழமை

சுமையாவின் வாப்பாவுக்கு, உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும்.

நானும் பிள்ளைகளும் நலம். ஏரியில் காற்று ஓயவில்லை. படகுகள் போகாததால் மீன் இல்லை, கீரையோடுதான் சாப்பாடு. சுமையாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்கிறாள்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ஜோகன்னஸ்பர்க் பஸ் டிரைவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படியுங்கள்.

நீங்கள் கேட்ட ஆனைப்புளி மரத்துப் பழத்தை இடித்துச் சலித்த மாவு தயாராக இருக்கிறது. ஆனால் அனுப்பவில்லை. ஈரலில் இருக்கும் கிருமிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த மாவைத்தான் கரைத்துக் குடிக்கிறீர்களாம். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதையே சொல்லி விற்கிறீர்களாம். உங்கள் அறைத் தோழர் காசிமு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் ஊருக்கு வந்தபோது பஸ்ஸிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். கண் மஞ்சளாக, வயிறு வீங்கி, அடையாளமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "ஏன் அண்ணே, மாத்திரை சாப்பிடலையா?" என்று கேட்டேன். "நானும் உன் புருஷனும் சேர்ந்துதான் நிறுத்தினோம், தங்கச்சி. டப்பாவப் பாத்துட்டா நோயாளின்னு வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயம். சந்தையில ஒருத்தன், இந்த மாவு போதும், ஈரலக் கழுவி விட்ரும்னான். எங்களுக்கு வசதியாப் போச்சு" என்றார்.

அங்கிருந்த டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். "பழம் நல்லதும்மா. ஈரல் கெடாமப் பாத்துக்கிற சத்து அதுல இருக்கு. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. ஆனா உன் வீட்டுக்காரர் எலி இல்லையே. கிருமிய அடக்கி வைக்கிறது மாத்திரைதான். திடீர்னு நிறுத்தினா அது சீறிக்கிட்டு எழும்பும். பழத்தையும் குடிக்கட்டும், மாத்திரையையும் முழுங்கட்டும். முதல்ல போய் ரத்தத்தப் பாக்கச் சொல்லு" என்றார். எனக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை. தடுப்பூசி போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மீனையும் பல்லையும் எழுதிக்கொண்டிருந்தேன். காசிமு அண்ணன் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். மாலையிலேயே அடக்கம் செய்தோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் நீங்கள் அனுப்பும் படங்களில் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்.

அதைக் கழற்றிவிட்டு ஒரு படம் அனுப்புங்கள். எப்படி இருந்தாலும் அனுப்புங்கள். நான் பயப்பட மாட்டேன்.

உங்கள்
அசியாத்து


ஜோகன்னஸ்பர்க்,
புதன்கிழமை

அன்பு அசியாத்துக்கு, ஸலாம்.

கடிதம் கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றிய படம் போனில் அனுப்பியிருக்கிறேன். காசிமுவின் கட்டில் என் பக்கத்தில்தான் இருக்கிறது. திரும்பி வருவான் என்று அதில் யாரையும் படுக்க விடவில்லை. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈரல் கெட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். மாத்திரையை அவர்கள் கண்முன்னாலேயே விழுங்கினேன். மேஸ்திரியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அட, என் தம்பிக்கும் அதே மாத்திரைதான்யா. போய் வேலையப் பாரு" என்றார். இதற்காகவா இத்தனை நாள் ஒளித்தேன்?

மாவு அனுப்பு, குடிக்க மட்டும். விற்க வேண்டாம்.

ஒரு விஷயம். என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவன் இங்கே இன்னொருவன் இருக்கிறான். இத்ரிசா என்று பெயர், சின்ன வயது. இரண்டு நாளாக அவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறேன். வர மறுக்கிறான். "மாவே போதும்ணே, ஈரலக் கழுவிடும்" என்று நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான். நாளைக்கும் கூப்பிடுவேன். எனக்காக இறைவனிடம் துஆ செய்வதை நிறுத்திவிட்டு, அவனுக்காகச் செய்.

துவைபு