இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம்

என் வீட்டுக்காரிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். பட்டாளத்திலிருந்து ஓடிவந்த உன் தம்பியைக் கிடங்கில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன் அல்லவா, நீ ஊருக்குப் போன பிறகு மகள் மோப்பம் பிடித்துவிட்டாள். ஒற்றர் கதைகளாகப் படித்துத் தள்ளுகிறவள், துப்பறியும் நோட்டு ஒன்று போட்டிருக்கிறாள். "அப்பா தினமும் கிடங்குக்கு இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறார். யாருக்கு?" என்று அதில் இருந்தது. ஓடிப்போனவர்களைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கு வரும் ராணுவ அதிகாரியிடம் காட்டப்போகிறாளாம்.

வியாபாரி புத்தி, பேரம் பேசினேன். "நோட்டைக் குடு, சைக்கிள் வாங்கித் தரேன்."

"லஞ்சம் குடுக்கிறவங்களைத்தான்பா முதல்ல சந்தேகப்படணும்."

வேறு வழியில்லாமல் அழைத்துப்போய்க் காட்டினேன். மாமனைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து மென்று விழுங்கிவிட்டாள். ஒற்றர்கள் அப்படித்தான் செய்வார்களாம். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றுதான் அந்த அதிகாரி வருகிறார். காலையில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "அவர் நேரா கேட்டா பொய் சொல்லணுமாப்பா?"

கடையில் ஆயிரம் பொய் சொன்ன வாய்தான். "வேண்டாம்மா" என்றுதான் வந்தது.

ஆகவே இந்தக் கடிதத்தை உன் தம்பியே கொண்டுவருகிறான். அவள் உண்மையைச் சொன்னாலும் கிடங்கில் இருக்கப்போவது நான் ஒருவன்தான். நீ இப்போது இங்கே வராதே.

உன் வீட்டுக்காரன்